முகூர்த்தத்துக்கு முன் ஓர் அமாவாசை

பெங்களூர்,
2.2.2004

அன்புள்ள கலைச்செல்வன் அவர்களுக்கு,

முத்தமிழ் எழுதுகிறேன். கீழப்பழுவூர் தர்மராஜ் மகள் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். போன வாரம்தான் நிச்சயதார்த்தம் ஆனது என்றாலும் அன்று நீங்கள் என் முகத்தைவிடத் தரையைத்தான் அதிகம் பார்த்தீர்கள். அதனால் அடையாளம் சொல்லிவிடுவது நல்லது.

போனில் பேசலாம்தான். ஆனால் திருமானூரில் உங்கள் வீட்டுப் போன் கூடத்தின் நடுவில் இருக்கிறதாம். பெரம்பலூர் ஆபீஸ் போனை எடுப்பவரோ, "யார் பேசறது? பொண்ணு வூடா? சார் ஃபீல்டுக்குப் போயிருக்காரு, என்ன விஷயம்னு சொல்லுங்க" என்று என்னையே விசாரிக்கிறார். விஷயத்தை அவரிடம் சொல்வதாயில்லை. ஆகவே கடிதம்.

அன்று கிளம்பும்போது நீங்கள் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். "மலை மேல ராத்திரி பூரா உக்காந்து என்னங்க பண்ணுவீங்க?" சுற்றி அத்தனை பேர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றதால் "சும்மா பாப்போம்" என்று சொல்லிவிட்டேன். சும்மா பார்ப்பதில்லை, தொலைநோக்கியில் பார்க்கிறோம்; அதுதான் என் ஆராய்ச்சி. இப்போது சொல்கிறேன்.

நம் பால்வீதியைப் போல வானத்தில் கோடிக்கணக்கில் இருப்பவற்றை காலக்ஸி என்கிறோம். ஒரு காலக்ஸியின் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்துப் பார்த்தால் அது எவ்வளவு வேகத்தில் நம்மை விட்டு விலகிப் போகிறது, எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியும். ஒவ்வொன்றாகப் பார்த்தால் ஒன்றுக்கே ஓர் இரவு போய்விடும். அதனால் ஒரு மெல்லிய தகட்டில் நுண்ணிய கீறல்கள் வெட்டித் தொலைநோக்கிக்குள் வைப்போம். ரெட்டிபாளையம் பக்கம் லாரிகளில் பெயர் எழுத எழுத்து வெட்டிய தகடு வைப்பார்களே, கிட்டத்தட்ட அப்படி. ஒவ்வொரு கீறல் வழியாகவும் ஒரு காலக்ஸி. என் தகட்டில் இருபத்திரண்டு.

கீறலை எங்கே வெட்டுவது என்று தெரிய, வானத்தின் அந்தத் துண்டை அதே கருவியால் முதலில் படம் எடுக்க வேண்டும். நிலா வெளிச்சம் கூடாது. எனவே இந்த அமாவாசைக்குப் படம், பிறகு பட்டறையில் தகடு, அடுத்த அமாவாசைக்கு உண்மையான வேலை. உங்கள் வீட்டில் வளர்பிறையில்தான் முகூர்த்தம் என்கிறார்கள், எனக்கு வேலையெல்லாம் அமாவாசையில். மோதிக்கொள்ளவே வழியில்லை.

படம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. தரகர் கொண்டுவந்த படத்தில் இருந்தவரின் நெற்றிக்கு மேலே அடர்த்தியான காடு. பெண் பார்க்க நேரில் வந்தவருக்குப் பாதிக் காடு தரிசாகியிருந்தது. "மாப்பிள்ளையோட அண்ணனாடி இவரு?" என்று அம்மா என் காதைக் கடித்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்தச் சிரிப்பைத்தான் எல்லோரும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். தவறில்லை, சம்மதம்தான்.

இப்படிக்கு,
முத்தமிழ்


பெரம்பலூர்,
9.2.2004

அன்புள்ள முத்தமிழ்,

கடிதம் வந்தது. உறையின் பின்பக்கம் உங்கள் பெயரைப் பார்த்துவிட்டு ஆபீஸில் இன்று எல்லோருக்கும் நான் டீ வாங்கிக் கொடுக்க வேண்டியதாயிற்று.

தரையைப் பார்த்தது தொழில் பழக்கம். நில அளவை செய்கிறவன் தரையைத்தான் பார்ப்பான். மற்றபடி உங்கள் முகத்தையும் பார்த்தேன். நீங்கள் என் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை.

அந்தப் படம் நான் கொடுத்ததல்ல. கல்லூரிக் கடைசி வருடத்தில் எடுத்தது. இதைக் கொடுக்காதே, புதிதாக ஒன்று எடுத்துத் தருகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன். "இதுவும் நீதானேடா, முடி இருந்த காலத்து நீ. இதுல என்ன பொய் இருக்கு?" என்று கேட்டார். உங்கள் வருங்கால மாமியார் ஜானகியோடு வாதாடி இதுவரை யாரும் ஜெயித்ததில்லை. இப்போதே சொல்லி வைக்கிறேன்.

நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். முக்கால்வாசி புரிந்தது. மீதிக்கு ஒரு கேள்வி. தகட்டைச் சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறோம் என்று எப்படித் தெரியும்? எங்களுக்கு எல்லைக் கல் இருக்கிறது. கல்லைப் பிடித்துத்தான் அளவுச் சங்கிலி போடுவோம். அந்தரத்தில் எதைப் பிடிப்பீர்கள்?

நேற்று திருமானூர் பக்கம் பெரியசாமி என்பவருடைய கொல்லையை அளந்தேன். கல் இருந்த இடத்தில் வாழை நிற்கிறது. "கல்லு எங்கங்க?" என்றால், "அதுவா நடந்து போயிருக்கும் சார்" என்கிறார். இந்த மனிதர்களோடுதான் என் பகல் கழிகிறது. உங்கள் இரவுகளைப் பற்றி இன்னும் எழுதுங்கள்.

அன்புடன்,
கலைச்செல்வன்


பெங்களூர்,
24.2.2004

அன்புள்ள உங்களுக்கு,

கேள்வி நல்ல கேள்வி. எங்களுக்கும் கல் உண்டு, அடையாள நட்சத்திரங்கள் என்கிறோம். தகட்டில் கீறல்களோடு மூன்று சின்னச் சதுரத் துளைகளும் இருக்கும். மூன்று துளைகளிலும் மூன்று நட்சத்திரங்கள் வந்து உட்கார்ந்துவிட்டால் மற்ற எல்லாம் தானாக அதனதன் கீறலில் விழும்.

ஆனால் மாசி அமாவாசை என்னை ஏமாற்றிவிட்டது. மலை மேல் மூன்று இரவும் மேகம். நான் தொலைநோக்கிக் கூடத்தின் கதவைத் திறப்பதும், வெளியே வந்து வானத்தைத் திட்டுவதும், மறுபடி உள்ளே போய் டீ குடிப்பதுமாக இருந்தேன். ஒரு படம்கூட எடுக்க முடியவில்லை.

படம் இல்லாமல் தகடு வெட்ட முடியாது, இன்னொரு மாதம் பொறு என்றார் பேராசிரியர். இன்னொரு மாதம் பொறுத்தால் உண்மையான வேலை சித்திரை அமாவாசைக்குப் போய்விடும். கல்யாணத்துக்கு ஆறு நாள் முன்பு. எங்கள் வீட்டில் அதற்கும் முந்தின நாளே பந்தக்கால் ஊன்றுகிறார்கள், ஊன்றிவிட்டால் பெண் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. ஆகவே நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். ஐம்பது வருடத்துக்கு முன்பு வானம் முழுவதையும் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். அதில் என் துண்டும் இருக்கிறது. அதிலிருந்து அளவு எடுத்துப் பட்டறைக்குக் கொடுத்துவிட்டேன். பங்குனி அமாவாசையில் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, மருதாணி வைத்துக்கொள்ள ஊருக்கு வந்துவிடுவேன்.

என் சாமர்த்தியத்தைப் பாராட்டி எழுதுங்கள்.

முத்தமிழ்


பெரம்பலூர்,
1.3.2004

முத்தமிழ்,

பாராட்டுகிறேன். எனக்காகத்தான் அவசரப்படுகிறாய் என்று தோன்றியது. தோன்றிய உடனே வண்டியை எடுத்துக்கொண்டு காரணமே இல்லாமல் துறையூர் ரோட்டில் பாதி தூரம் போய்விட்டு வந்தேன். நீ என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தினால் அசிங்கமாக இருக்கும், அப்படியே இருக்கட்டும்.

ஏப்ரல் 25, ஞாயிறு முகூர்த்தம் என்று பத்திரிகை அடித்தாகிவிட்டது. மஞ்சள் தடவின முதல் பத்திரிகையை அம்மா குலசாமிக்கு வைத்தார். இரண்டாவதை உனக்கு வைக்கச் சொன்னார். இதோடு இருக்கிறது. உன் பெயருக்குப் பின்னால் இரண்டு பட்டம் போட்டிருக்கிறோம். என் பெயருக்குப் பின்னால் ஒன்றுதான். அச்சகத்துக்காரர், "தம்பி, பொண்ணு பக்கம் நீளமா இருக்கே, பாக்க நல்லாருக்காதே" என்றார். நல்லாத்தான் இருக்கு, அடிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பங்குனி அமாவாசைக்கு மேகம் வராமலிருக்க அம்மா வேண்டிக்கொள்கிறார். மழை வேண்டாம் என்று வேண்டிக்கொண்டவள் இந்த ஊரிலேயே நான்தான் என்று வேறு சொல்லிக்கொள்கிறார்.

கலைச்செல்வன்


பெங்களூர்,
23.3.2004

அன்புள்ள உங்களுக்கு,

தோற்றுவிட்டேன். முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

வானம் அப்படியொரு சுத்தம். உங்கள் அம்மாவின் வேண்டுதல் பலித்தது. தகட்டை மாட்டினோம். முதல் நட்சத்திரம் துளையில் உட்கார்ந்தது. இரண்டாவது உட்கார்ந்தது. மூன்றாவதைக் காணோம். துளைக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது. அதை இழுத்துப் பிடித்தால் மற்ற இரண்டும் வெளியே போகின்றன. மூன்றையும் சமாதானப்படுத்தினால் காலக்ஸிகள் கீறலில் விழவில்லை. இருபத்திரண்டில் நான்கோ ஐந்தோ விழுந்தன, அதுவும் அரைகுறையாக.

உடனே தகட்டைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தைப் புதிதாகப் படம் எடுத்துப் பழைய படத்தின் மேல் வைத்துப் பார்த்தோம். என் மூன்றாவது நட்சத்திரம் நகர்ந்திருக்கிறது. நமக்குப் பக்கத்தில் இருக்கும் நட்சத்திரங்கள் சில இப்படித்தான், வருடத்துக்குக் கொஞ்சமாக நகரும். ஐம்பது வருடத்தில் துளையைத் தாண்டிப் போய்விட்டது. முதல் வருட மாணவனுக்குத் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். அவசரத்தில் சரிபார்க்கவில்லை.

பேராசிரியர் திட்டவில்லை. "பழைய போட்டோவை நம்பினால் இப்படித்தான்" என்று மட்டும் சொன்னார். எனக்கு உங்கள் ஞாபகம் வந்து, அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது. உங்கள் நெற்றியைக் கேலி செய்தவளுக்கு நட்சத்திரம் பாடம் கற்றுக்கொடுத்துவிட்டது.

மீதி நேரத்தில் புதுப் படங்களை ஒழுங்காக எடுத்துவிட்டேன். அதை வைத்துப் புதுத் தகடு வெட்டப் போகிறார்கள். சித்திரை அமாவாசையும் அடுத்த இரண்டு இரவும் எனக்குத் தருகிறார்கள். அதை விட்டால் அந்த இடம் மேற்கே இறங்கிவிடும், மழைக்காலமும் வந்துவிடும், அடுத்த தை வரை காத்திருக்க வேண்டும். என் ஆராய்ச்சிக் காலம் ஆவணியோடு முடிகிறது. இது இல்லாமல் பட்டம் இல்லை, ஐந்து வருடமும் வீண்.

வீட்டில் பேசினேன். பந்தக்காலுக்கு அப்புறம் எல்லை தாண்டக் கூடாது என்று அம்மா ஒரே பிடி. கல்யாணத்தை வைகாசிக்குத் தள்ளிவைக்கலாமா?

முத்தமிழ்


பெரம்பலூர்,
27.3.2004

முத்தமிழுக்கு,

கடிதம் கிடைத்தது. மூன்றாவது நட்சத்திரத்துக்கு அரைப் பக்கம். கல்யாணத்துக்கு ஒரு வரி.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு ஒரு சம்பந்தம் பேசி முடித்தார்கள். பெண் வீட்டில் வைகாசிக்குத் தள்ளிவைக்கலாமா என்று கேட்டார்கள். வைகாசி வந்தது, பெண் வீட்டார் வரவில்லை. பத்திரிகை கொடுத்த ஒவ்வொரு வீடாகப் போய், "இல்லைங்க, நின்னுபோச்சு" என்று அம்மா சொல்லிவிட்டு வந்தார். அந்த வார்த்தையை இன்னொரு முறை என் வீட்டில் நான் எப்படிச் சொல்வது?

உன் விருப்பப்படி செய். எனக்கு எழுத வேறொன்றும் இல்லை.

கலைச்செல்வன்


பெங்களூர்,
31.3.2004

கலைச்செல்வன் அவர்களுக்கு,

எழுத வேறொன்றும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நிறைய இருக்கிறது.

ஒரு வரிதான் எழுதினேன், உண்மை. அந்த ஒரு வரியை எழுதத்தான் அரைப் பக்கம் நட்சத்திரத்தைப் பற்றிச் சுற்றிச் சுற்றி வந்தேன். கேட்கப் பயமாக இருந்தது. நீங்கள் அதைப் பக்கக் கணக்காக அளந்திருக்கிறீர்கள். அளக்கிற ஆள்தானே.

நின்றுபோன சம்பந்தம் பற்றிப் படித்ததும் நெஞ்சு வலித்தது. உங்கள் அம்மா வீடு வீடாகப் போனதை நினைத்தால் இன்னும் வலிக்கிறது. ஆனால் நான் அந்தப் பெண் இல்லை. அவர்களுடைய பழைய படத்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காதீர்கள். என் முகம் வேறு. நான் வருகிறேன் என்றால் வருவேன்.

தள்ளிவைக்க வேண்டாம் என்றால் தள்ளிவைக்க வேண்டாம். மலையை விட்டுவிடுகிறேன். ஆனால் விட்டுவிட்டு வந்தால் வாழ்நாள் முழுவதும் அமாவாசைக்கு அமாவாசை மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அந்த முத்தமிழோடு நீங்கள்தான் குடித்தனம் நடத்த வேண்டும். யோசித்துப் பதில் எழுதுங்கள்.

முத்தமிழ்


திருமானூர்,
6.4.2004

அன்புள்ள முத்தமிழ்,

அமாவாசை மூஞ்சியைப் பற்றி யோசித்தேன். பயமாகத்தான் இருக்கிறது.

சனிக்கிழமை ஊருக்கு வந்து உன் கடிதங்களை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். (எல்லாவற்றையும் அல்ல. மாமியாரோடு வாதாடுவது பற்றி நான் எழுதியதைச் சொல்லவில்லை.) தள்ளிவைக்கக் கேட்கிறாள் என்றதும் முகம் சுண்டிப்போனது. கொஞ்ச நேரம் வெங்காயம் உரித்துக்கொண்டே இருந்தார். பிறகு, "அந்த வேல என்னைக்குடா அவளுக்கு?" என்று கேட்டார். அமாவாசை என்றேன்.

"நெறஞ்ச அமாவாசையில ஒரு பொண்ணு நல்ல காரியத்தத் தொடங்கப் போவுது. அதப் போயி யாராச்சும் தடுப்பாங்களா? இதுக்கு எதுக்குக் கல்யாணத்தத் தள்ளணும், பந்தக்காலத் தள்ளுனா போதாதா?" என்றார்.

நானும் நீயும், இரண்டு பட்டமும் ஒரு பட்டமும் சேர்ந்து, முகூர்த்தத்தைத்தான் நகர்த்தப் பார்த்தோம். பந்தக்காலை நகர்த்தலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவே வெற்றிலை பாக்கு, பூவோடு கீழப்பழுவூர் பஸ் ஏறினார். நானும் பின்னாலேயே போனேன். உன் அம்மா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு நாளைக்கு முன்னாடி கால் ஊனுனா ஊரு என்ன சொல்லும் அண்ணி?" என்றார்கள். "ஊரு என்ன சொல்லும், பந்தக்கால் ஊனியிருக்காங்கன்னு சொல்லும். எல்லைய அவ தாண்டக் கூடாது, அவ்ளோதான? அவ வந்து எறங்குன அப்புறம் ஊனுங்க, யாரு தாண்டப் போறா?" என்றார் அம்மா. உன் அப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே, "சரிதானே, மலரு" என்றார். முடிந்தது. உங்கள் வீட்டுப் பந்தக்கால் வெள்ளிக்கிழமை, நீ வந்த பிறகு. எங்கள் வீட்டில் மட்டும் சொன்ன நாளிலேயே. அதற்குப் பிறகு நான் எல்லை தாண்டக் கூடாது என்று அம்மா இப்போதே மிரட்டுகிறார்.

நம் அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள், அடுத்த வருடமே பெரம்பலூரோடு மறுபடி சேர்த்தார்கள். சர்க்காரே மனம் மாறும்போது ஒரு சர்வேயர் மாறக் கூடாதா? அந்தக் கோபக் கடிதத்தை எழுதியதற்கு மன்னித்துவிடு. உனக்காக ரொம்பவும் சந்தோஷப்படுகிறேன். போய்ப் பார்த்துவிட்டு வா.

இதோடு ஒரு போட்டோ இருக்கிறது. அரியலூர் ஸ்டூடியோவில் நேற்று எடுத்தது. நெற்றியை மறைக்கவில்லை. உன் சதுரத் துளைக்கு இனி இந்த அளவையே வைத்துக்கொள்.

உன்,
கலைச்செல்வன்


பெங்களூர்,
12.4.2004

அன்புள்ள உங்களுக்கு,

போட்டோ வந்தது. காடு இன்னும் கொஞ்சம் பின்வாங்கியிருக்கிறது. எனக்குப் பிடித்திருக்கிறது.

உங்கள் அம்மாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. நேரில் சொல்லிக்கொள்கிறேன். கடிதத்தைப் படித்துவிட்டு விடுதி மொட்டை மாடிக்குப் போய் நன்றாக அழுதேன். சந்தோஷத்தில்தான்.

புதுத் தகடு பட்டறையிலிருந்து வந்துவிட்டது. புதுப் படத்தின் மேல் வைத்து மூன்று பேர் தனித்தனியாகச் சரிபார்த்தோம். நகர்ந்துபோன அந்த நட்சத்திரத்தை விட்டுவிடவில்லை, அது இப்போது நிற்கிற இடத்திலேயே துளை போட்டிருக்கிறேன். அதன் மேல் எனக்குக் கோபமில்லை.

வியாழன் மாலை மலையிலிருந்து கிளம்பி, சேலம் வழியாக வெள்ளி விடியலில் அரியலூர் வந்து சேருவேன். அப்பா பஸ் ஸ்டாண்டுக்கு வருகிறார். நீங்கள் எல்லைக்குள் பத்திரமாக இருங்கள்.

முத்தமிழ்


கீழப்பழுவூர்,
23.4.2004

என் அன்புக்குரியவரே,

சற்று முன்புதான் பந்தக்கால் ஊன்றினார்கள். உங்கள் அம்மா வந்து பால் ஊற்றினார். இந்தக் கடிதத்தை அவரிடமே கொடுத்தனுப்புகிறேன். நன்றாகப் பசை போட்டு ஒட்டியிருக்கிறேன், ஏன் என்று கடைசியில் தெரியும்.

முதல் இரவு காற்று அதிகம், கதவைத் திறக்க விடவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. இரண்டாம் இரவு தகட்டை மாட்டினோம். முதல் நட்சத்திரம் உட்கார்ந்தது. இரண்டாவது உட்கார்ந்தது. மூன்றாவதைப் பார்க்கத் தைரியமில்லாமல் கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்திலிருந்தவர் என் தோளைத் தட்டினார். துளையின் நடுவில், பொட்டு வைத்தது போல உட்கார்ந்திருந்தது. அதற்கப்புறம் காலக்ஸிகள் ஒவ்வொன்றாகத் திரையில் வரத் தொடங்கின. இருபத்திரண்டும் வந்தன. மூன்றாம் இரவு அதையே இன்னொரு முறை, ஆசை தீர எடுத்தேன். பேராசிரியர் தன் பையிலிருந்த கடலை மிட்டாயை எடுத்து எல்லோருக்கும் கொடுத்தார். அவர் யாருக்காவது எதையாவது கொடுத்து நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

இனி அந்த இன்னொரு விஷயம்.

இன்று காலை அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். அப்பா பெட்டியை வாங்கிக்கொண்டார். எதிரில் டீக்கடையில் ஒருவர் தலையில் துண்டு கட்டிக்கொண்டு, பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்திருந்தார். பேப்பர் தலைகீழாக இருந்தது. கீழப்பழுவூர் பஸ் வந்ததும் பேப்பர் கொஞ்சம் இறங்கியது. துண்டு நெற்றியை மறைத்திருந்ததால், தரகர் கொண்டுவந்த பழைய படத்தில் இருந்தவரோ என்று ஒரு நிமிடம் திகைத்துவிட்டேன். பிறகு கைப்பையிலிருந்த புதுப் படத்தை எடுத்து, மூக்கை வைத்துச் சரிபார்த்துக்கொண்டேன்.

அப்பாவும் பார்த்துவிட்டார். "டீ குடிக்கிறியாம்மா?" என்று மட்டும் கேட்டார். வேண்டாம், பாவம், ஓடிவிடுவார் என்றேன்.

உங்கள் வீட்டில் பந்தக்கால் ஊன்றி ஐந்து நாள் ஆகிறது. திருமானூர் எல்லையைத் தாண்டக் கூடாதவர் யார் என்று உங்கள் அம்மாவிடம் நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

ஆனால் உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். நான் பார்த்த இருபத்திரண்டு காலக்ஸிகளும் நம்மை விட்டு விலகித்தான் போய்க்கொண்டிருக்கின்றன. ஒன்றுகூட இந்தப் பக்கம் வரவில்லை. அத்தனையையும் பார்த்துவிட்டு மலையிறங்கி வந்தால், எல்லையைத் தாண்டி என்னை நோக்கி வந்து ஒருவர் டீக்கடையில் நிற்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை தலையில் துண்டு இல்லாமல் வாருங்கள்.

உங்கள்,
முத்தமிழ்